உங்கள் கணவர் சைக்ஸ்தான்

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. திருமணமாகி இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கிறேன். கணவரின் குடும்பப் பெயர் சைக்ஸ். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு சைக்ஸ் வீடு உண்டு. "சைக்ஸ் எல்லாரும் ஒரே தாத்தாவின் வாரிசுகள், ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள்" என்று மாமனார் பெருமையாகச் சொல்வார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று கணவர், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமில் 37 குறிகளை, அதாவது 37 இடங்களை, ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை செய்துகொண்டார். வந்த பட்டியலில் ஒரு சைக்ஸ்கூட இல்லை. நெருக்கமாகப் பொருந்தியவர்கள் நான்கு பேர், நால்வரின் குடும்பப் பெயரும் ஆர்மிடேஜ். இதைக் கேட்டதிலிருந்து மாமியார் சரியாகப் பேசுவதில்லை. தன்னைச் சந்தேகப்படுகிறோம் என்று நினைக்கிறார். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. முன்பு செய்த சாதாரண டி.என்.ஏ. சோதனையில் கணவருக்கு 18 சதவீதம் ஸ்காண்டிநேவியா என்று வந்தது. மாமனாருடைய தங்கையின் மகளும் அந்தப் பட்டியலில் இருக்கிறார், 880 சென்டிமார்கன் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் மிகப் பழைய காகிதம் 1868-ல் நடந்த ஒரு கல்யாணத்தின் சான்றிதழ். அதன் படத்தை இணைத்திருக்கிறேன். என் மகனும் மகளும் சைக்ஸ்தானா, இல்லையா? வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சைக்ஸ் குலச்சின்னத்தை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

பெயர், குலச்சின்னம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் மாமியார். இதைப் படித்ததும் நேராக அவரிடம் போங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 880 சென்டிமார்கன்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான எண். இரண்டு பேரின் டி.என்.ஏ.வில் எவ்வளவு பகுதி அப்படியே ஒத்துப்போகிறது என்பதன் அளவு அது. கூடப்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்கு இடையே இது சராசரியாக 866 வரும். அந்த இருவருக்கும் தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றிருந்தால் பாதியாகக் குறைந்து 450 பக்கம் நிற்கும். உறவே இல்லையென்றால் பட்டியலிலேயே வராது. 880 என்றால் உங்கள் கணவரும் மாமனாருடைய தங்கை மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். உங்கள் மாமியார்மேல் சந்தேகம் விழுவதற்கு இடமே இல்லை. மாமனாரும் தங்கையும் ஒரு தாய், ஒரு தகப்பன் பிள்ளைகள் என்பதும் இதிலேயே கிட்டத்தட்ட உறுதியாகிறது. ஆர்மிடேஜ் சமாச்சாரம் எதுவாக இருந்தாலும் அது உங்கள் மாமியார் அந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முந்தைய கதை. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

சரி, இப்போது பெயருக்கு வருவோம்.

நம் ஊரில் அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியலாகும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அதனால் ஒரே பெயர் எழுநூறு வருஷம் ஒரு குடும்பத்தில் நிற்பது என்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். இங்கிலாந்திலும் தொடக்கத்தில் அப்படி நிற்கவில்லை. 1066-ல் நார்மன்கள் வந்த பிறகு நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பெயர் பரம்பரையாகத் தொடர ஆரம்பித்தது. சாதாரணக் குடியானவருக்கு அது வந்து சேர 13, 14-ம் நூற்றாண்டு ஆனது. வடக்கே இன்னும் தாமதம். வரி வசூலிக்க வந்தவர் ஊரில் இருக்கும் பத்து ஜானில் எந்த ஜான் என்று கேட்டால், கொல்லர் ஜான், ராபர்ட் மகன் ஜான், ஓடையோரத்து ஜான் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவை நாளடைவில் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டன. உங்கள் பகுதியான மேற்கு யார்க்ஷயருக்கு 1379-ல் எடுத்த தலைவரிப் பட்டியல் நன்றாகவே பிழைத்துக் கிடக்கிறது. பெயர்கள் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தை அதில் வரி வரியாகப் பார்க்கலாம்.

சைக்ஸ் ஓடையோரத்துப் பெயர். மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் சின்ன ஓடை, சதுப்பு வாய்க்கால் இவற்றுக்கு வடக்கே சைக் என்று பேர். கோடையில் சில வற்றியும் போகும். பல இடங்களில் அதுவே வயலுக்கு வயல் எல்லையாகவும் இருந்தது. பென்னைன் மலைச்சரிவில் இப்படிப்பட்ட ஓடைக்குப் பஞ்சமே இல்லை. அதனால் பெயர் ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தது என்னவென்றால், சைக்ஸ் என்ற பெயர் பல இடங்களில், பல குடும்பங்களுக்கு, தனித்தனியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான்.

உங்கள் மாமனார் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சி இந்தக் கருத்தைத்தான் அசைத்தது. அதைச் செய்தவர் பிரையன் சைக்ஸ். மரபியல் பேராசிரியர், அவரும் சைக்ஸ்தான். கிளாக்ஸோ மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ரிச்சர்ட் சைக்ஸும் தானும் உறவா என்று பார்த்ததில்தான் அது ஆரம்பித்தது. இருவரின் ஒய் குரோமோசோமும் பொருந்தியது. பிறகு யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர் பக்கத்து சைக்ஸ் ஆண்களுக்குக் கடிதம் போட்டு மாதிரி வாங்கினார். 2000-ல் கேத்தரின் இர்வனோடு சேர்ந்து முடிவை வெளியிட்டார். 48 பேரைச் சோதித்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய். அதே வட்டாரத்தில் வேறு பெயர் வைத்திருந்தவர்களிடம் அந்த வகை தென்படவில்லை. அப்படியானால் இன்றைய சைக்ஸ்களுக்கு மூலவர் ஒருவரே என்பது அவர் எடுத்த முடிவு.

இதில் உங்கள் மாமனார் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. பாதிப் பேர் பொருந்தினார்கள் என்றால் மீதிப் பாதி பொருந்தவில்லை. அவர்களும் பிறப்பிலிருந்தே சைக்ஸ்தான், அப்பா சைக்ஸ், தாத்தா சைக்ஸ். உங்கள் கணவர் அந்த மீதிப் பாதியில் ஒருவர். அதிசயமே இல்லை. இன்னொன்று, அந்தச் சோதனையில் பார்த்தது நான்கே குறிகள். இன்றைக்கு உங்கள் கணவருக்குப் பார்த்திருப்பது 37. அன்றைக்கு ஒன்றாகத் தெரிந்த கூட்டம் இன்றைய அளவுகோலில் இன்னும் பிரிந்து தெரியலாம்.

பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்து, 1,678 ஆண்களைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். என்னிடம் யார் வந்து குடும்பப் பெயர் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான். ஸ்மித் என்ற பெயருக்கு அதில் எந்தக் கூட்டமும் தெரியவில்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஊருக்கு ஊர் ஸ்மித் பிறந்தார். இரண்டு ஸ்மித்களை எடுத்தாலும் தெருவில் போகிற இரண்டு பேரை எடுத்தாலும் ஒன்றுதான். மறு முனையில் ஆட்டன்பரோ. ரிச்சர்ட், டேவிட் சகோதரர்களால் நமக்கெல்லாம் தெரிந்த பெயர். அதில் 87 சதவீதம் பேருக்கு ஒரே வகை. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு பொருத்தம் என்பது பொது விதி.

அதே ஆய்வு இன்னொரு விஷயத்தையும் விளக்கியது. பாதிப் பேர் பொருந்துவதால் தொடக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. 1300 வாக்கில் ஐந்து ஓடையோரத்தில் ஐந்து சைக்ஸ் இருந்திருக்கலாம். 1348-49-ல் கொள்ளைநோய் வந்தது. ஒரு வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் போனது, ஒரு வீட்டில் பெண்களே பிறந்தார்கள், ஒரு வீட்டில் மட்டும் தலைமுறைக்கு நான்கு பையன்கள் உயிரோடு வளர்ந்தார்கள். எழுநூறு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு வீட்டின் வாரிசுகள்தான் ஊரையே நிறைத்திருப்பார்கள். கோல்ன் பள்ளத்தாக்கில் வீட்டிலேயே தறி போட்டுக் கம்பளி நெய்த காலத்தில் பையன்கள் ஊரைவிட்டுப் போகவேண்டிய தேவை இல்லை. அதனால்தான் இன்றைக்கும் உங்கள் ஊரில் இத்தனை சைக்ஸ். பெயர் ஒன்றாகவே இருந்ததால் ஆளை அடையாளம் சொல்ல அந்த மலைப்பக்கத்தில் அப்பா, தாத்தா பெயரைக் கோத்துக் கூப்பிட்டார்கள். ஜாக் மகன் பில் என்பது 'பில் ஓ ஜாக்' ஆகும். இதைப் படிக்கும்போது எனக்கு நம் கிராமத்துப் பட்டப்பெயர்கள்தான் ஞாபகம் வரும்.

ஆக, பொருந்தாததற்கு ஒரு காரணம், உங்கள் கணவரின் முன்னோர் தொடக்கத்திலேயே வேறொரு சைக்ஸாக இருந்திருக்கலாம் என்பது. ஆனால் ஆர்மிடேஜ்கள் நான்கு பேர் 37-ல் 35, 36 குறிகள் வரை பொருந்தும்போது நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். பட்டியலில் யாருமே இல்லாமல் இருப்பது வேறு, வேறொரு பெயர்க் கூட்டத்தின் நடுவில் போய் நிற்பது வேறு. இவ்வளவு நெருக்கம் என்றால் பொது மூதாதை கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் இருந்தவர் என்றுதான் பொருள். ஆர்மிடேஜும் உங்கள் ஊர்ப் பெயரே. ஹடர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே ஆர்மிடேஜ் பிரிட்ஜ் இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் துறவி ஒருவரின் குடில் இருந்தது. பெயர் அதிலிருந்து வந்தது. சைக்ஸும் ஆர்மிடேஜும் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எங்கேயோ ஒரு தலைமுறையில் பெயர் ஒரு வழியிலும் ஒய் குரோமோசோம் இன்னொரு வழியிலும் வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எல்லாருக்கும் கள்ள உறவுதான் நினைவுக்கு வருகிறது. நான் பார்த்த குடும்பங்களில் அதைவிட மற்ற காரணங்கள்தான் அதிகம். விதவைத் தாய் மறுமணம் செய்கிறாள், பிள்ளை புதுக் கணவரின் பெயரில் வளர்கிறான். அப்பா அம்மா இருவரும் காய்ச்சலில் போய்விட, தாய்மாமன் எடுத்து வளர்க்கிறார். இங்கிலாந்தில் சட்டப்படி தத்தெடுப்பதற்கான சட்டமே 1926-ல்தான் வந்தது. அதற்கு முன் எடுத்து வளர்த்ததற்குக் காகிதம் கிடையாது. மாமனார் சொத்து கைக்கு வர, மருமகன் தன் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம், கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை தாயின் பெயரையே வைத்துக்கொள்வது. 1840களில் இங்கிலாந்தில் பிறந்த நூறு குழந்தைகளில் ஆறேழு அப்படிப் பிறந்தவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு 30 வருஷம் என்றால் எழுநூறு வருஷத்துக்கு 23 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு ஒரு குடும்பத்தில் இழை அறுந்தாலே, கடைசியில் நூற்றுக்கு 21 குடும்பங்களில் பெயரும் ஒய்யும் சேர்ந்து இருக்காது. நூற்றுக்கு இரண்டு என்றால் 37 குடும்பங்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் லார்முசோ பழைய பதிவேடுகளையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், விவசாயிகள், வசதியான வணிகர்கள் மத்தியில் இது தலைமுறைக்கு 1 சதவீதம் அளவில் இருந்தது. கூலித் தொழிலாளர், நெசவாளர் குடும்பங்களில் 4 சதவீதம் வரை போனது. வறுமையும் நெருக்கடியும் பெண்களை எப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தின என்பதற்கு இந்த எண்ணைவிட வேறு சாட்சி வேண்டாம். உங்கள் கணவரின் முன்னோர் நெசவாளர்கள்.

அரச குடும்பம்கூட இதற்கு விலக்கில்லை. 2012-ல் லெஸ்டரில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். மேலே சொன்ன அதே டூரி கிங்தான் சோதித்தார். தாய்வழி உறவினர்களோடு பொருந்தியது, ஆள் அவர்தான் என்று உறுதியானது. தந்தைவழியில் உறவென்று காகிதம் சொன்ன ஐந்து ஆண்களில் ஒருவர்கூட மன்னரோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. பிரபுக்கள் வீட்டுக் காகிதங்களே இப்படி.

இனி நீங்கள் அனுப்பிய 1868 சான்றிதழ். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. படத்தைப் பெரிதாக்கிக் கட்டம் கட்டமாகப் படித்தேன். மணமகன் ஜோசஃப் ஏ. சைக்ஸ், வயது 23, திருமணமாகாதவர், கம்பளி நெசவாளர், வசிப்பது ஸ்லெய்த்வெய்ட். கீழே மணமகளின் வரி. அவள் அப்பாவின் பெயரும் இருக்கிறது, அவர் தொழிலும் இருக்கிறது. மேலே ஜோசஃபின் வரிக்கு வாருங்கள். 'தந்தையின் பெயர்', 'தந்தையின் தொழில்' என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்து மையால் ஒரே ஒரு கோடு. எழுதுபவர் அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். விட்டிருந்தால் கட்டம் வெறுமையாக இருக்கும். இறந்துபோன அப்பா என்றால் பெயரை எழுதி, பக்கத்தில் காலமானார் என்று குறிப்பார்கள். கோடு போட்டிருந்தால், 'உன் அப்பா யார்' என்று கேட்டதற்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை, அல்லது சொல்லவில்லை என்று பொருள். அந்தச் சான்றிதழில் அம்மா பெயருக்குக் கட்டமே கிடையாது. இங்கிலாந்தில் கல்யாணப் பதிவில் அம்மா பெயரைச் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான். அதனால் அந்தக் காகிதத்தில் ஜோசஃப் யாருமற்றவராக நிற்கிறார்.

அப்புறம் அந்த 'ஏ'. அந்தக் காலத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நடுப்பெயர் என்பது அவ்வளவு சாதாரணமில்லை. கல்யாணமாகாமல் பெற்ற தாய், பிள்ளையின் தகப்பன் யார் என்பதை ஊருக்குச் சொல்ல, அவருடைய குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைத்துவிடுவது வழக்கத்தில் இருந்தது. ஏ என்பது ஆல்பர்ட்டாகவும் இருக்கலாம், ஆபிரகாமாகவும் இருக்கலாம். ஆனால் ஒய் சோதனையில் நான்கு ஆர்மிடேஜ், சான்றிதழில் கோடு, நடுவில் ஓர் ஏ என்று மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது, நான் முதலில் அந்த இடத்தில்தான் தோண்டுவேன்.

தோண்டுவது கஷ்டமில்லை. ஜோசஃப் 1845 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். 1837 ஜூலையிலிருந்து பிறப்பைப் பதிவு செய்கிறார்கள். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் ஹடர்ஸ்ஃபீல்டு மாவட்டத்தில் 1844, 45, 46-ல் ஜோசஃப் சைக்ஸ் என்று தேடுங்கள். நிறைய ஜோசஃப்கள் வருவார்கள், மிரள வேண்டாம். அந்தப் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கு ஓர் இடம் உண்டு. கல்யாணமான தாய் என்றால் அங்கே பெயர் இருக்கும். கல்யாணமாகாத தாய் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருப்பவர்களை மட்டும் எடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள், சில பவுண்டுதான். பிறகு 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முந்தைய 1841 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை, 1851-ல் எழுதினார்கள். ஆறு வயதுப் பையன் ஒரு சைக்ஸ் வீட்டில் 'பேரன்' என்று பதிவாகி, அதே வீட்டில் கல்யாணமாகாத மகள் ஒருத்தியும் இருந்தால், கிட்டத்தட்ட நம் ஆள் கிடைத்துவிட்டார். 1844-லிருந்து, பிள்ளையின் தகப்பனிடம் பராமரிப்புப் பணம் கேட்டு அந்தத் தாயே உள்ளூர் நீதிபதிகளிடம் மனுப் போட முடிந்தது. எல்லா இடத்துப் பதிவும் பிழைக்கவில்லை, இருந்தாலும் வேக்ஃபீல்டில் இருக்கும் மேற்கு யார்க்ஷயர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

காகிதத்தோடு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு வேலை இருக்கிறது. ஜோசஃபுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பையன்கள் இருந்தார்களா பாருங்கள். இன்னொரு பையனின் வழியில் வந்த, இன்றும் சைக்ஸ் என்றே இருக்கும் ஓர் ஆண் உறவினர் சோதனைக்குச் சம்மதித்தால், அவரும் ஆர்மிடேஜ்களோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் இழை மாறியது ஜோசஃபிடமோ அவருக்கு முன்போதான். பொருந்தாவிட்டால் அவருக்குப் பிறகு எங்கேயோ, அப்போது நான் இதுவரை சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்து, அந்த நான்கு ஆர்மிடேஜ்களுக்கும் எழுதி வம்சாவளி கேளுங்கள். நால்வரும் வெவ்வேறு கிளையில் வந்தவர்கள் என்றால் அந்த ஒய் ஆர்மிடேஜ் வீட்டுச் சொத்து, அங்கிருந்து சைக்ஸ் வீட்டுக்கு வந்தது. நால்வருமே ஒரு தாத்தாவின் பேரன்கள் என்றால் அது நால்வர் சாட்சி அல்ல, ஒருவர் சாட்சிதான். 37 குறிகளை விட்டுப் பெரிய ஒய் சோதனைக்குப் போவது பற்றி இதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். விலை அதிகம், இப்போதைக்கு அவசியமில்லை.

ஸ்காண்டிநேவியா 18 சதவீதம் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது இன்றைக்கு அந்த நாடுகளில் வாழ்பவர்களின் மாதிரியோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பீடு. நிறுவனம் கணக்கைப் புதுப்பிக்கும்போது எண்ணும் மாறும். வைக்கிங்குகள் 866-ல் யார்க் நகரைப் பிடித்தார்கள், வட்டாரத்தில் குடியேறினார்கள், எல்லாம் உண்மை. ஸ்லெய்த்வெய்ட்டில் வரும் அந்த 'த்வெய்ட்' அவர்கள் மொழியில் காடு வெட்டித் திருத்திய நிலம். ஆனால் 2015-ல் வெளியான பிரிட்டன் முழுமைக்குமான மரபணு ஆய்வில் டென்மார்க் வைக்கிங்குகளின் தனித்த அடையாளம் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை. அவர்களுக்கு முன்பே வந்த ஆங்கிலோ சாக்ஸன்களும் கடலுக்கு அப்பால் அதே பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் இரண்டையும் பிரிப்பது கடினம். உங்கள் கணவருக்குப் பிடிக்கும்படி ஒன்று சொல்ல வேண்டுமானால், அந்த ஆய்வில் மேற்கு யார்க்ஷயர் மக்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனிக் கூட்டமாகவே தெரிந்தார்கள். அவ்வளவு காலம் அந்தப் பள்ளத்தாக்குகளைவிட்டு நகராமல் இருந்திருக்கிறார்கள்.

ஒய் குரோமோசோமை வைத்து ஆளின் பூர்வீகத்தையே சொல்லிவிட முடியாது என்பதற்கும் யார்க்ஷயரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கிழக்கு யார்க்ஷயரில் அரிதான ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயருள்ள 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே அதற்கு முன் பார்த்திருந்த ஒய் வகை. 2007-ல் வெளியானது. அவர்கள் குடும்பங்களைக் காகிதத்தில் 1780கள் வரை தேடிப்போனார்கள், எல்லாரும் யார்க்ஷயர்க்காரர்கள். ஆப்பிரிக்க முன்னோர் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எப்போதோ வந்த ஒருவரின் ஒய் மட்டும் அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. மற்ற முன்னோர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து மக்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. ஒய் என்பது அதில் ஒரே ஒருவரின் வழி. உங்கள் மகளுக்கு அதுவும் இல்லை, ஆனாலும் அவள் தம்பிக்கோ அண்ணனுக்கோ எந்த விதத்திலும் குறைந்த சைக்ஸ் அல்ல. இருவருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உங்களிடமிருந்து வந்தது, உங்கள் அம்மா, அம்மாவின் அம்மா என்று நேராகத் திருநெல்வேலிப் பக்கம் போகிறது. ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்த ஒரு சைக்ஸ் அதைச் சுமக்கிறான். இங்கிலாந்துச் சட்டத்திலும், யாரையும் ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒருவர் தொடர்ந்து பயன்படுத்தும் பெயர் அவருடைய பெயர்தான். பிள்ளைகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். வளர்ந்து அவர்களே கேட்டால் செய்துகொள்ளட்டும்.

குலச்சின்னம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. 1484-லிருந்து இருக்கும் குலச்சின்னக் கல்லூரி அதைத் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் வழங்கும். கடையில் விற்பது ஏதோ ஒரு சைக்ஸ் குடும்பத்துடையது. 1916-ல் மத்தியக் கிழக்கைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் பெயர் வரும் மார்க் சைக்ஸின் ஸ்லெட்மியர் வீட்டுச் சின்னமாகவும் இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் பொருந்திய பாதிப் பேருக்கும் அதில் உரிமை வந்துவிடாது. மாமனாருக்குப் பிடித்திருந்தால் மாட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக மாமனார். அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஊரில் இத்தனை பேர் சோதனை செய்யும்போது, உறவுக்காரர் யாராவது கல்யாண வீட்டில் வாய்தவறிச் சொல்லி அவர் தெரிந்துகொள்வது நியாயமில்லை. ஆனால் 'அப்பா, நாம் சைக்ஸ் இல்லையாம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். அது உண்மையும் அல்ல. நான் நினைப்பது சரியென்றால், ஜோசஃபின் அம்மா ஒரு சைக்ஸ். அவளுடைய அப்பா ஒரு சைக்ஸ், உங்கள் மாமனார் பெருமைப்படும் அந்தப் பழைய கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியென்றால், இந்த வீட்டுக்கு சைக்ஸ் என்ற பெயர் வந்தது ஜோசஃபின் அம்மாவான அந்தப் பெண்ணால். கட்டிக்கொள்ளாமல் போன ஒருவரின் பிள்ளையைத் தன் பெயரில் வளர்த்து, தறியில் உட்காரவைத்து, கல்யாணம் வரை கொண்டுவந்திருக்கிறாள். எண்பது வயதில் கேட்கத்தக்க கதை அது. அவள் பெயரைக் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். வெறும் பொருந்தவில்லை என்ற செய்தியாகப் போனால் அவருக்கு இழப்பு மட்டும்தான் தெரியும். பிறந்தநாள் நெருங்கிவிட்டது என்றால் சோதனை முடிவை ஒதுக்கிவைத்துவிட்டு, 1868 சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுங்கள்.

ஜோசஃபின் பிறப்புச் சான்றிதழ் வந்ததும் நான்காவது, ஐந்தாவது கட்டங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதும். நான்காவது தந்தையின் பெயர், ஐந்தாவது தாயின் பெயர். அவள் பெயர் கிடைத்துவிட்டால் 1851 கணக்கெடுப்பில் அந்த வீட்டைத் தேடிப் பிடிக்க நான் உதவுகிறேன்.